சாட்சியும் சர்டிபிகேட்டும்

1/ கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க. கிறிஸ்தவங்களுக்காகத்தான் எழுதுறேன். மத்தவங்களும் தாராளமா படிக்கலாம், உங்க வீட்டுப் பூஜையறைக்கும் இதுல பாதி பொருந்தும்னு நினைக்கிறேன்.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். எம்.பி.பி.எஸ். வீடு மேனாம்பேடு. ஞாயித்துக்கிழமை டியூட்டி இல்லைன்னா சபைக்குப் போற ஆள். இது ஒரு டாக்டர் சபையைத் திட்டுற பதிவு இல்ல. தப்பு பண்ணின ஒருத்தன், அது என்ன தப்புன்னு சொல்ற பதிவு.

2/ ஒரு டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. புது வருஷம் பிறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சாட்சி சொல்ற நேரம். ஒரு அக்கா மைக் வாங்கினாங்க. அம்பது வயசுக்கு மேல. எட்டு வருஷமா சுகர்.

"மூணு மாசமா ஒரு மாத்திரைகூட போடல. போன வாரம் டெஸ்ட் பண்ணேன், 130தான் இருக்கு. கர்த்தர் எனக்கு பூரண சுகம் கொடுத்துட்டார்."

சபையே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். ஆமென் சொன்னேன், கொஞ்சம் சத்தமாவே.

(அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியுற விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/ கை தட்டும்போதே என் மண்டைக்குள்ள கேள்வி ஓடிட்டு இருந்துச்சு. 130 வெறும் வயித்துல பார்த்ததா, சாப்பிட்டு பார்த்ததா? மூணு மாச சராசரி பார்த்தாங்களா? கண்ணு, கிட்னி, கால் எல்லாம் யாராவது பார்த்தாங்களா?

ஆராதனை முடிஞ்சு கேக் கொடுத்தாங்க. அந்த அக்கா என் பக்கத்துலதான் நின்னாங்க. "அக்கா, நாளைக்கு ஹாஸ்பிட்டல் பக்கம் வாங்க, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்"னு சொல்ல ரெண்டு நிமிஷம் போதும்.

சொல்லல. ஏன்? "விசுவாசம் இல்லாத டாக்டர்"னு பேர் வந்துடுமோன்னு பயம். அவ்வளவுதான். அதுக்கு மேல பெரிய காரணம் எதுவும் இல்ல.

4/ மார்ச் மாசம் அவங்களே வந்தாங்க. இடது கால் கட்டைவிரல் கறுத்துப் போய். செருப்பு கடிச்ச புண்ணு. வலிக்கல, அதனால கவனிக்கல. ஹெச்பிஏ1சி 11க்கு மேல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சோம். காலைக் காப்பாத்த முடிஞ்சுது, விரலைக் காப்பாத்த முடியல.

வார்டுல பார்க்கப் போனேன். கோபமா ஏதாவது சொல்வாங்கன்னு நினைச்சேன். சாதாரணமா சொன்னாங்க: "அன்னைக்கு நீங்களும் ஆமென் சொன்னீங்களே தம்பி. டாக்டரே சொல்றாரேன்னு எனக்கு இன்னும் தைரியமா இருந்துச்சு."

அந்த அக்கா மைக்ல பொய் சொல்லல. அவங்க நம்பினதைச் சொன்னாங்க. கீழ உக்காந்து கை தட்டின நான்தான் பொய் சொன்னேன்.

5/ முதல்ல மருத்துவ விஷயத்தை முடிச்சுடுறேன். மாத்திரையை நிறுத்தினா உடனே உடம்பு காட்டிக் கொடுக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. சுகர் 250, 300 இருந்தும் பல பேருக்கு மாசக்கணக்குல ஒரு தொந்தரவும் தெரியாது. அதுதான் இந்த வியாதியோட சூழ்ச்சி.

விரல் நுனியில ஊசி குத்திப் பார்க்குற அளவு, அந்த நிமிஷத்துக்கான அளவு மட்டும்தான். நேத்து ராத்திரி உபவாசம் இருந்தா காலைல குறைச்சு காட்டும். ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட மூணு மாச சராசரியைச் சொல்லும். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிச்சு அதை ஏமாத்த முடியாது.

6/ சுகர் பல வருஷம் ஏறியே இருந்தா கால் நரம்பு மரத்துப் போகும். கல்லு குத்தினாலும் தெரியாது. செருப்பு கடிச்சாலும் தெரியாது. வலி இல்லைங்கிறதை "சுகம்"னு எடுத்துக்கிட்டாங்க அந்த அக்கா. உண்மையில அதுதான் வியாதி முத்தினதோட அடையாளம்.

இன்னொண்ணு. 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. அவங்க வீட்டுக்கும் வந்திருக்கு. எல்லாத்தையும் வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வெச்சிருந்தாங்க. பிரிக்கவே இல்ல.

7/ "அப்ப மாத்திரை இல்லாம சுகர் கட்டுக்குள்ள வரவே வராதா டாக்டர்?"

வரும். சில பேருக்கு வரும். எடை நல்லா குறைஞ்சு, சாப்பாடு மாறி, டாக்டர் பார்த்து மாத்திரையைக் குறைச்சு, கடைசியில நிறுத்துற நிலைமை உண்டு. அதுக்கு ஒரு கணக்கும் உண்டு. மருந்தை நிறுத்தி குறைஞ்சது மூணு மாசம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழ இருக்கணும். அப்பவும் வருஷா வருஷம் பரிசோதனை பண்ணிக்கிட்டே இருக்கணும்.

நான் கேக்குறது ரொம்ப சின்னது. சுகம் உண்மைன்னா டெஸ்ட்லயும் தெரியும்ல? அப்புறம் ஏன் டெஸ்ட்டுக்குப் பயப்படணும்?

8/ இந்த இடத்துல "டாக்டர், விசுவாசத்தை லேப்ல சோதிக்காதீங்க"ன்னு யாராவது சொல்வாங்க. சரி, வேதத்துக்கே வர்றேன்.

லூக்கா 17ல பத்து குஷ்டரோகிகள் வர்றாங்க. இயேசு அவங்களை எங்க போகச் சொல்றார்? ஆசாரியர்கள்கிட்ட போய் உங்களைக் காட்டுங்கன்னு அனுப்புறார். லேவியராகமத்துப்படி அன்னைக்கு தோலைப் பரிசோதிச்சு, சந்தேகம் இருந்தா ஏழு நாள் தனியா வெச்சு, மறுபடி பார்த்து, "இவன் சுத்தம்"னு அறிவிக்கிற பொறுப்பு ஆசாரியனுக்குத்தான். இன்னைக்கு பாஷையில சொன்னா ஃபாலோ-அப், ஃபிட்னஸ் சர்டிபிகேட்.

சுகம் கொடுத்தவரே பரிசோதனைக்கு அனுப்பினார். அந்தப் பரிசோதனை அவருக்கு அவமானமா தெரியல. நமக்கு மட்டும் ஏன் தெரியுது?

9/ பவுல் என்ன பண்ணார்? துரோப்பீமுவை மிலேத்துல வியாதியா விட்டுட்டு வந்தேன்னு கடிதத்துலேயே ஒளிக்காம எழுதுறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயித்துக் கோளாறு. அவருக்கு ஒரு கைவைத்தியமும் சொல்றார். கூடவே இருந்த லூக்கா வைத்தியர்.

சுகம் கிடைச்சதையும் எழுதினாங்க, கிடைக்காததையும் எழுதினாங்க. நம்ம மேடையில ரெண்டாவது வகை சாட்சியை கடைசியா எப்ப கேட்டீங்க?

10/ அனனியா, சப்பீராள் கதை எல்லாருக்கும் தெரியும். அப்போஸ்தலர் 5. நிலத்தை வித்து, பணத்துல ஒரு பங்கை எடுத்து வெச்சுக்கிட்டாங்க. சின்ன வயசுல, காணிக்கை குறைச்சதுக்குத்தான் தண்டனைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

திரும்பப் படிச்சா அது இல்ல. நிலமும் உன்னுது, வித்த பணமும் உன்னுதுதானேன்னு பேதுருவே சொல்றார். பாதி கொடுத்திருக்கலாம், கால்வாசி கொடுத்திருக்கலாம், ஒண்ணும் கொடுக்காமலும் இருந்திருக்கலாம். பாதியை முழுசுன்னு காட்டினதுதான் குத்தம்.

அந்த டிசம்பர் 31 ராத்திரி சபையில நடந்ததும் அதேதான். ஒரு டெஸ்டை முழு சுகம்னு காட்டினோம். அது முழுசு இல்லைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான், வாயை மூடிக்கிட்டேன்.

11/ இது எனக்கு முதல் தடவையும் இல்ல. அதையும் சொல்லிடுறேன்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு நைட் டியூட்டி. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். காலைல ரவுண்ட்ஸுக்கு முன்னாடி எல்லா பெட்டுக்கும் பிபி, பல்ஸ் எழுதணும். தூக்கம். வரிசையா 120/80, 110/70ன்னு எழுதித் தள்ளிட்டேன். பாதி பேரைத் தொடவே இல்ல.

நைட் சிஸ்டர் ஒருத்தங்க கேஸ் ஷீட்டை எடுத்துட்டு வந்து மெதுவா கேட்டாங்க: "இந்த அம்மாவுக்கு எப்ப சார் பிபி பார்த்தீங்க? நான் இப்ப பார்த்தேன், 90/60 இருக்கு."

12/ ஓடிப் போய்ப் பார்த்தேன். டிரிப் ஏத்தினோம், சரியாச்சு. சிஸ்டர் யார்கிட்டயும் சொல்லல. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை நான் பாடகர் குழுவுல நின்னு பாடினேன். நல்லா பாடினேன்னு ரெண்டு பேர் கை குலுக்கினாங்க.

அந்த சிஸ்டர் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருக்கிறவங்க. அன்னைக்கு அந்த வார்டுல உண்மையா இருந்தது அவங்கதான், நான் இல்ல. நேர்மை நமக்கு மட்டும் வந்த சொத்துன்னு நினைச்சுட்டு இருந்தேன், அந்த நினைப்பு அன்னைக்கே போச்சு.

13/ இந்தக் குத்த உணர்ச்சியோட சுத்திட்டு இருந்தப்ப ஞாபகம் வந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பள்ளிக்கூடத்துல "தமிழின் முதல் நாவலாசிரியர், பிரதாப முதலியார் சரித்திரம், 1879"னு ஒரு மார்க்குக்குப் படிச்சிருப்போம். அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்ங்கிறதும், என்னை மாதிரியே அரசாங்க சம்பளம் வாங்கினவர்ங்கிறதும் நமக்கு மறந்துபோச்சு.

1826ல திருச்சி பக்கம் குளத்தூர்ல பிறந்தார். கோர்ட்டுல சாதாரண வேலையில சேர்ந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம்னு முன்சீப்பா இருந்தார். மாயவரத்துலேயே 13 வருஷம்.

14/ வெள்ளைக்காரன் காலத்து கோர்ட்டு. லஞ்சம் சர்வசாதாரணம். இந்த மனுஷன் 1859லயே நீதிநூல்னு ஒண்ணு எழுதி, கைக்கூலி வாங்குறவங்களைச் சாடியிருக்கார். உத்தியோகத்துல இருந்துக்கிட்டே சாடியிருக்கார், ரிட்டயர் ஆன பிறகு வர்ற வீரம் இல்ல.

1878ல சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளியிட்டார். கடவுளைப் பாடுற அதே மூச்சுல, உத்தியோகஸ்தன் எப்படி இருக்கணும்னும் பாடினார். அவருக்கு பக்திப் பாட்டு வேற, ஆபீஸ் நேர்மை வேறன்னு இல்ல. அந்தக் கீர்த்தனைகள்ல சிலதை இன்னைக்கும் கச்சேரியில பாடுறாங்க.

15/ 1876-78 தாது வருஷப் பஞ்சம். மாயவரத்துல கஞ்சி காய்ச்சி ஊத்தினார், தன் கைக்காசைப் போட்டு. அதைப் பார்த்து அவரைப் பாராட்டிப் பாட்டு பாடினது யார் தெரியுமா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதின கோபாலகிருஷ்ண பாரதி. பழுத்த சிவபக்தர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர் மேல குளத்துக் கோவைன்னு ஒரு நூலே பாடினார். அவரும் பெரிய சைவர்.

ஒரு கிறிஸ்தவனோட சாட்சியை வேற சமயத்துக்காரங்க பாட்டா பாடினாங்க. அவர் மைக் பிடிச்சு எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே வரல.

16/ இன்னொரு விஷயமும் என்னைக் குத்துச்சு. மேல்கோர்ட்டு இங்கிலீஷ் தீர்ப்புகளை அவர் தமிழ்ல கொண்டு வந்தார், சித்தாந்த சங்கிரகம்ங்கிற பேர்ல. கோர்ட்டு விவகாரம் தமிழ்ல நடக்கணும்னு பிரதாப முதலியார் சரித்திரத்துலயும் வாதாடுறார். வழக்காளிக்குப் புரியாத பாஷையில வழக்கு நடத்துறதை அவரால ஏத்துக்க முடியல.

நான் எழுதிக் கொடுக்குற டிஸ்சார்ஜ் சம்மரி எந்த பாஷையில இருக்கு? அந்த அக்காவுக்கு எட்டு வருஷமா "டிஎம்"னு சீட்டுல எழுதித் தந்தோம். மாத்திரையை நிறுத்தினா கால் போகும்னு அவங்களுக்குப் புரியுற தமிழ்ல யார் சொன்னது? நோயாளிக்குப் புரியாத உண்மை பாதி உண்மைதான். இந்தத் தப்புல எங்களுக்கும் பெரிய பங்கு இருக்கு.

17/ இப்ப சர்டிபிகேட் கதை. அக்கா வீடு திரும்பி கொஞ்ச நாள்ல, சபையில ஒரு அங்கிள் வீட்டுக்கு வந்தார். என்னை சின்னப் பிள்ளையிலேர்ந்து தெரியும். எனக்கு எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைக்க உபவாசம் இருந்து ஜெபிச்சவர்.

"தம்பி, பையன் பத்து நாள் லீவு போட்டுட்டான். காய்ச்சல்னு ஒரு சர்டிபிகேட் போட்டுக் கொடு. முந்தின தேதி போட்டுடு. நம்ம சபைப் பிள்ளைதானே."

பையனுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃப்ரெண்ட்ஸோட ஊர் சுத்தப் போயிருந்தான்.

18/ சட்டம் என்ன சொல்லுதுன்னா: 2002ல வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலோட நடத்தை விதிகள்படி பொய் சர்டிபிகேட்ல கையெழுத்து போட்டா, பதிவேட்டுலேர்ந்து டாக்டர் பேரையே எடுக்கலாம். கொடுத்த ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் ரெஜிஸ்டர் வெச்சிருக்கணும், நோயாளியோட அங்க அடையாளம் உட்பட.

ஆனா உண்மையைச் சொல்றேன், அந்த நேரத்துல எனக்கு சட்டம் ஞாபகம் வரல. "அன்னைக்கு நீங்களும் ஆமென் சொன்னீங்களே"தான் ஞாபகம் வந்துச்சு. "முடியாது அங்கிள், மன்னிச்சுடுங்க"ன்னு சொன்னேன்.

அவர் டீயைக்கூட குடிக்காம எழுந்து போயிட்டார். எங்க அம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல. "இவ்வளவு செஞ்ச மனுஷனுக்கு ஒரு கையெழுத்து போட முடியாதா உனக்கு?"ன்னு அழுதாங்க. இன்னைக்கும் அந்த அங்கிள் சபையில என்னைப் பார்த்தா ஸ்தோத்திரம் சொல்றதோட சரி.

19/ இதுல ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. எஸ்டேட்ல காண்ட்ராக்ட்ல வேலை பார்க்குறவர். மூணு நாள் நிஜமாவே காய்ச்சல். டாக்டர்கிட்ட வர முடியல, நாலாவது நாள் வர்றார். சீட்டு இல்லைன்னா மூணு நாள் கூலி போச்சு. அவருக்கும் "முடியாது"ன்னு சொல்றது நேர்மையா, கல்நெஞ்சா?

அவருக்கு உண்மையையே எழுதிக் கொடுக்கலாம். "இன்று பரிசோதித்தேன். மூன்று நாட்களாகக் காய்ச்சல் இருந்ததாகச் சொல்கிறார். இன்று சோர்வும் நீர்ச்சத்துக் குறைவும் உள்ளது. இரண்டு நாள் ஓய்வு தேவை." இன்னைக்குத் தேதி போட்டு கையெழுத்து. ஒரு வார்த்தை பொய் இல்ல. இரக்கம் காட்டப் பொய் சொல்லியே ஆகணும்னு இல்ல, கொஞ்சம் யோசிச்சு எழுதினா போதும். பல நேரம் நாம பொய் சொல்றது இரக்கத்துனால இல்ல, அது சுலபமா இருக்குங்கிறதுனால.

20/ சகேயு கதையை ஞாயிறு பள்ளியில பாட்டா பாடுவோம். மரத்துல ஏறினது ஞாபகம் இருக்கு. இறங்கி வந்து அவன் சொன்னது என்ன? யார்கிட்டயாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னான். மனந்திரும்புதலை கண்ணீர்ல கணக்கு பார்க்கல, காசுல கணக்கு பார்த்தான்.

மலைப் பிரசங்கத்துல காணிக்கை பத்தி ஒரு இடம் வரும். பலிபீடத்துக்கிட்ட வந்த பிறகு, சகோதரனுக்கு உன்மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வெச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகிட்டு வரச் சொல்வார். ஆராதனை கொஞ்சம் காத்திருக்கலாம், அது காத்திருக்காதுன்னு அர்த்தம்.

நான் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். "தெரிஞ்சும் சொல்லல அக்கா, பயந்துட்டேன்"னு சொன்னேன். அவங்க மகன் முகத்தைத் திருப்பிக்கிட்டார். நியாயம்தான். அக்கா மட்டும் "சரி விடுங்க தம்பி, காபி சாப்பிடுங்க"ன்னாங்க.

21/ ஜெபத்துலயும் நேர்மை வேணும்னு இப்பதான் புரியுது. சங்கீதத்துல எத்தனை புலம்பல் இருக்கு! யோபு எவ்வளவு கேள்வி கேட்டார்! ஏன் என்னைக் கைவிட்டீங்கன்னு கேக்குற ஜெபம்கூட வேதத்துல இருக்கு. நாம மட்டும் சுகர் 400 இருக்கும்போது "எனக்கு ஒண்ணும் இல்ல ஆண்டவரே"ன்னு ஜெபிக்கிறோம். அவருக்கு நம்ம லேப் ரிப்போர்ட் தெரியாதா என்ன?

"எனக்கு சுகர் இருக்கு, பயமா இருக்கு, மாத்திரை போட்டு அலுத்துப் போச்சு, உதவி பண்ணுங்க." இதுவும் ஜெபம்தான். என் அனுபவத்துல, இப்படி ஜெபிக்கிறவங்க மாத்திரையையும் ஒழுங்கா போடுறாங்க.

22/ ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா மறுபடி மைக் கேட்டாங்க. எம்சிஆர் செருப்பு போட்டு மெதுவா நடந்து முன்னாடி போனாங்க. சொன்னது நாலே வரி.

"மாத்திரையை நிறுத்தினது என் தப்பு. விரல் போச்சு, கால் இருக்கு, உயிர் இருக்கு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் போய் சுகர் பாருங்க."

கை தட்டலே வரல. ஒரு நிமிஷம் அமைதி. பாஸ்டர் எழுந்து "நானும் டெஸ்ட் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னார். அடுத்த வாரம் எங்க ஓ.பி.ல சபை ஆட்கள் ஏழு பேர் வரிசையில நின்னாங்க, பாஸ்டரையும் சேர்த்து. அதுல ரெண்டு பேருக்கு சுகர் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

23/ கடைசியா சில வேண்டுகோள்.

போதகர்களுக்கு: சுக சாட்சி சொல்ல வர்றவங்ககிட்ட "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அதை அவிசுவாசம்னு நினைக்காதீங்க. பத்து பேரையும் அனுப்பினவர் சொன்னதுதான்.

சபையில இருக்கிற டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட்டுகளுக்கு: மேடையில எதிர்த்துப் பேச வேண்டாம். கேக் சாப்பிடுற நேரத்துல போய் ரெண்டு நிமிஷம் பேசுங்க. நான் பேசாம விட்ட அந்த ரெண்டு நிமிஷம்.

சர்டிபிகேட் கேக்குறவங்களுக்கு: எங்களுக்காக ஜெபிக்கிறீங்க, நன்றி. நாங்க பொய்யா கையெழுத்து போடாம இருக்கவும் சேர்த்து ஜெபிங்க.

24/ சுகர், பிபி, காசநோய், வலிப்பு, தைராய்டு, மனநல மாத்திரை எதுவா இருந்தாலும் நீங்களா நிறுத்தாதீங்க. ஜெபம் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க. குறைக்கணுமா, நிறுத்தணுமான்னு டாக்டர்கிட்ட வந்து கேளுங்க. அரசு மருத்துவமனையில பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சுகர் இருக்கிறவங்க தினமும் ராத்திரி உள்ளங்கால், விரல் இடுக்கு பாருங்க. குனிய முடியலைன்னா கண்ணாடியைத் தரையில வெச்சுப் பாருங்க, இல்லைன்னா பிள்ளைங்களைப் பார்க்கச் சொல்லுங்க.

நாளைக்கு காலைல ஓ.பி. இருக்கு. இப்பல்லாம் பிபியைப் பார்த்துட்டுத்தான் எழுதுறேன். சில நாள் வரிசை நீண்டு, கை பரபரக்கும். அப்ப அந்த நைட் சிஸ்டர் பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும்.

உங்க சபை வாட்ஸ்ஆப் குரூப்ல பகிரணும்னு தோணினா பகிருங்க.

- ஒரு அரசு மருத்துவர், மேனாம்பேடு